சிறுநீரக ஆராய்ச்சி டாக்டர் வேலை: சுங்கை சிப்புட்டில் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

நான் பிறந்தது மலேசியாவில், பேராக் மாநிலத்துச் சுங்கை சிப்புட் பக்கம் ஒரு ரப்பர் தோட்டத்தில். அப்பா பால்மரம் சீவினார், அம்மா வெளிக்காட்டு வேலைக்குப் போய் மருந்தடித்தார். இன்று நான் சிறுநீரக மருத்துவர். வாரத்தில் பாதி நாள் வார்டிலும் கிளினிக்கிலும் இருக்கிறேன், மீதி நாள் ஆய்வுக்கூடத்தில். தீபாவளிக்கோ கோவில் திருவிழாவுக்கோ ஊருக்கு வந்தால் படிவம் 5 பிள்ளைகள், அவர்களுடைய அம்மாமார்கள், டயாலிசிஸுக்குப் போகும் மாமாக்கள் என்று ஆள் மாற்றி ஆள் ஒரே கேள்விகளைக் கேட்கிறார்கள். போனில் துண்டு துண்டாகச் சொல்லி வந்த பதில்களை இங்கே சேர்த்து எழுதியிருக்கிறேன். கேள்விகளை அவர்கள் கேட்ட மாதிரியே விட்டிருக்கிறேன்.

டாக்டருக்குப் படிச்சிட்டு ஏன்மா லேப்ல உட்கார்ந்திருக்கே? டாக்டர்னா நோயாளியைத்தானே பார்க்கணும்?

பார்க்கிறேன். நோயாளியைப் பார்க்காவிட்டால் ஆய்வுக்கூடத்தில் எனக்கு வேலையே இல்லை, ஏனென்றால் நான் தேடுகிற கேள்விகள் எல்லாம் வார்டில் கிடைத்தவை.

ஒரு உதாரணம் சொல்கிறேன். எலிச்சிறுநீர்க் காய்ச்சல் வந்து சிறுநீரகம் பாதித்த ஒருவர் வார்டுக்கு வருகிறார். சிறுநீரகம் திடீரென்று பழுதானால் ரத்தத்தில் பொட்டாசியம் என்ற உப்பு ஏறும் என்றுதான் எல்லாப் பாடமும் சொல்கிறது. ஆனால் இந்தக் காய்ச்சலில் பல பேருக்குப் பொட்டாசியம் குறைகிறது, சிறுநீரும் நிற்காமல் போகிறது. டாக்டராக நான் பொட்டாசியம் ஏற்றி, பென்சிலின் போட்டு, அவரை வீட்டுக்கு அனுப்பலாம். ஏன் குறைந்தது என்று கேட்டால்தான் அந்தக் கிருமி சிறுநீரகத்தின் குழாய்களில் உப்பைத் திரும்ப உறிஞ்சும் வேலையைக் கெடுக்கிறது என்பது தெரியவரும். ஒரே நோயாளியிடம் இந்த இரண்டு வேலையையும் செய்பவரைத்தான் மருத்துவ ஆய்வாளர் என்கிறோம்.

கிட்னி அப்படி என்னதான் செய்யுது? மூத்திரம் போறதுக்குத்தானே?

ஒவ்வொரு சிறுநீரகத்திலும் ஏறக்குறைய 10 லட்சம் நுண்ணிய வடிகட்டிகள் உண்டு, நெஃப்ரான் என்று பெயர். இரண்டு சிறுநீரகமும் சேர்ந்து ஒரு நாளைக்குச் சுமார் 180 லிட்டர் வடிகட்டுகின்றன. அதில் ஒன்றரை, இரண்டு லிட்டர்தான் சிறுநீராக வெளியே போகிறது, மற்றதெல்லாம் உடம்புக்கே திரும்புகிறது. எதைத் திரும்ப எடுப்பது, எதை விடுவது என்ற அந்தத் தேர்வுதான் பெரிய வேலை.

அது போக ரத்த அழுத்தத்தைப் பிடித்து வைப்பது, ரத்த அணு உண்டாக்கச் சொல்லி எலும்பு மஜ்ஜைக்குச் செய்தி அனுப்புவது, வைட்டமின் டியை உடம்பு பயன்படுத்தும்படி மாற்றுவது எல்லாமே அதன் வேலை. டயாலிசிஸ் மெஷின் கழிவையும் தண்ணீரையும் எடுக்கும். இந்த மற்ற வேலைகளை அதால் செய்ய முடியாது. மாமாக்கள் வாராவாரம் ரத்தம் ஊற ஊசி போட்டுக்கொள்வது அதனால்தான்.

'கிட்னி இஞ்சுரி'ன்னு ரிப்போர்ட்ல போட்டிருக்கு. அவர் எங்கேயும் அடிபடலையே?

அடிபட வேண்டியதில்லை. சில மணி நேரத்திலோ சில நாளிலோ சிறுநீரகத்தின் வேலை சட்டென்று குறைந்தால் அதைத் திடீர்ப் பாதிப்பு என்கிறோம். சிறுநீரகம் வெளியேற்ற வேண்டிய கிரியேட்டினின் என்ற கழிவு 48 மணி நேரத்துக்குள் ரத்தத்தில் லிட்டருக்கு 26.5 மைக்ரோமோல் ஏறினாலோ, ஏழு நாளைக்குள் ஒன்றரை மடங்கு ஆனாலோ, சிறுநீர் அளவு ஆறு மணி நேரம் மிகக் குறைவாக இருந்தாலோ அந்தப் பெயர். மூன்று மாதத்துக்கு மேல் நீடித்தால் நாள்பட்ட சிறுநீரக நோய்.

அடிபட்டும் வரும் என்பதை உலகம் கற்றுக்கொண்டது போர்க்காலத்தில். 1941-ல் லண்டனில் குண்டு விழுந்த கட்டடங்களுக்கு அடியிலிருந்து மீட்கப்பட்ட நான்கு பேரைப் பற்றி பைவாட்டர்ஸ், பீல் என்ற இரண்டு மருத்துவர்கள் எழுதினார்கள். கால் கைதான் நசுங்கியிருந்தது, ஆனால் உயிரை எடுத்தது சிறுநீரகம். நசுங்கிய தசையிலிருந்து வந்த பொருள் சிறுநீரகக் குழாய்களை அடைத்திருந்தது.

நம் ஊரில் நான் பார்க்கும் காரணங்கள் வேறு. வெயிலில் வேலை செய்து தண்ணீர் குடிக்காதது, வயிற்றுப்போக்கு, எலிச்சிறுநீர்க் காய்ச்சல், செம்பனைக் காட்டில் உண்ணி கடித்து வரும் காய்ச்சல், பாம்புக்கடி, அப்புறம் முட்டி வலிக்குத் தினமும் போடும் பொன்ஸ்டான் மாதிரி வலி மாத்திரைகள். பெரும்பாலும் தேறிவிடுவார்கள். ஆனால் ஒருமுறை இப்படி ஆனவருக்குப் பின்னாளில் நாள்பட்ட நோய் வரும் வாய்ப்பு கூடுதல், ஆகவே வீட்டுக்கு வந்த பிறகும் ரத்தப் பரிசோதனையை விடக்கூடாது. நம்மில் அதிகம் பேர் தவறவிடுவது இதைத்தான்.

கிரியேட்டினின் நார்மல்னு இருக்கே, அப்புறம் எதுக்கு பயம்?

கிரியேட்டினின் தாமதமாகத்தான் பேசும். சிறுநீரகத்தின் வேலை பாதி போன பிறகும் சிலருக்கு அந்த எண் பெரிதாக ஏறாது. அது தசையிலிருந்து வருவது என்பதால், மெலிந்த பாட்டிக்கு 90 என்றால் ஒரு பொருள், சுமை தூக்கும் இளைஞனுக்கு 90 என்றால் வேறு பொருள். அதனால்தான் சிறுநீரகம் எவ்வளவு வடிகட்டுகிறது என்று வயதையும் பாலினத்தையும் சேர்த்துக் கணக்கிட்ட இ.ஜி.எஃப்.ஆர். என்ற எண்ணையும் பார்க்கச் சொல்கிறேன்.

இன்னொன்று சிறுநீரில் புரதம். 1827-ல் லண்டனில் ரிச்சர்ட் பிரைட் என்ற மருத்துவர், உடம்பு வீங்கி வந்தவர்களின் சிறுநீரைக் கரண்டியில் எடுத்து மெழுகுவர்த்திச் சுடரில் காட்டுவார், முட்டை வெள்ளை மாதிரி திரிந்தால் புரதம் ஒழுகுகிறது என்று பொருள். இறந்த பிறகு அதே ஆட்களின் சிறுநீரகத்தைத் திறந்து பார்த்து இரண்டையும் பொருத்தினார். இன்று கிளினிக்கில் சின்னக் குவளையில் சிறுநீர் கேட்கிறார்களே, அது அந்தக் கரண்டியின் வாரிசு. தயவுசெய்து வெட்கப்பட்டு வெறும் குவளையைத் திருப்பிக் கொடுக்காதீர்கள்.

என் துறையில் பலர் தேடுவது கிரியேட்டினினுக்கு முன்னாலேயே பேசும் ஒரு அடையாளத்தை. 1998-ல் பாஸ்டனில் ஜோசப் பான்வென்ட்ரே என்ற மருத்துவ ஆய்வாளரின் கூடத்தில் கிம்-1 என்ற புரதம் கிடைத்தது, குழாய்ச் செல்கள் அடிபட்டால் சிறுநீரில் அது தெரியும். 2005-ல் பிரசாத் தேவராஜன் குழுவினர், இதய அறுவை நடந்த குழந்தைகளின் சிறுநீரில் இரண்டு மணி நேரத்துக்குள் என்கால் என்ற புரதம் ஏறுவதைக் காட்டினார்கள். அதே குழந்தைகளிடம் கிரியேட்டினின் ஏற ஒன்று முதல் மூன்று நாள் ஆனது. அந்த இடைவெளியைச் சுருக்கத்தான் என் வேலையில் பெரும்பகுதி போகிறது.

ஆராய்ச்சி பண்ண சயின்டிஸ்ட் இருக்காங்களே, டாக்டர்தான் பண்ணணுமா?

டாக்டர் மட்டும்தான் என்று இல்லை. என் கூடத்தில் உயிர்வேதியியல் படித்தவர்கள்தான் என்னை விடத் திறமையாகச் சோதனை செய்கிறார்கள், அவர்கள் இல்லாமல் ஒன்றும் நடக்காது. ஆனால் நோயாளி இறப்பதை நேரில் பார்த்தவனுக்கு ஒரு கேள்வி வேறு விதமாக ஒட்டிக்கொள்கிறது. 1938-ல் நெதர்லாந்தில் வில்லம் கோல்ஃப் என்ற இளம் டாக்டர், ஏழை விவசாயக் குடும்பத்தைச் சேர்ந்த 22 வயதுப் பையன் சிறுநீரகம் பழுதாகி மெல்ல மெல்லச் சாவதைப் பார்த்தார். அவன் அம்மாவிடம் போய்ச் சொல்ல வேண்டியதும் அவர்தான். தினமும் கொஞ்சம் யூரியாவை வெளியே எடுக்க முடிந்திருந்தால் இவன் பிழைத்திருப்பானே என்ற நினைப்பு அவரை விடவில்லை. போர் நடந்துகொண்டிருக்கும்போதே 1943-ல், சாசேஜ் சுற்றும் செலோஃபேன் குழாயை மர உருளையில் சுற்றி டயாலிசிஸ் மெஷின் செய்தார். ஆரம்பத்தில் வந்தவர்களில் அநேகமாக எல்லாரும் இறந்தார்கள். 1945-ல் 67 வயதுப் பெண்மணி ஒருவர் தேறினார்.

பஸ் ஸ்டாண்டுப் பக்கம் டயாலிசிஸ் சென்டருக்குப் போகும் மாமாக்கள் கையை நீட்டிக்கொண்டு நாலு மணி நேரம் படுத்திருக்கும்போது எனக்கு அந்தப் பையனின் அம்மா நினைவுதான் வரும்.

இதெல்லாம் வெள்ளைக்காரன் ஊர்ல நடந்தது. நம்ம ஊர்ல என்ன ஆராய்ச்சி நடந்திருக்கு?

நம் ஊரில் நடந்த ஒரு கதை நம் சோற்றுப்பானையிலிருந்தே தொடங்குகிறது. நூறு வருஷத்துக்கு முன் மலாயாவில் பெரிபெரி என்ற நோய் ஆயிரக்கணக்கில் ஆட்களைக் கொன்றது. கால் வீங்கும், மரத்துப்போகும், இதயம் நிற்கும். நெகிரி செம்பிலானில் அரசு மருத்துவராக இருந்த பிராடன் ஒன்றைக் கவனித்தார்: சயாம் வெள்ளை அரிசி சாப்பிட்ட சீனத் தொழிலாளிகளுக்கு நோய் அதிகம், புழுங்கலரிசி சாப்பிட்ட தமிழர்களுக்கு அபூர்வம். 1905-ல் கோலாலம்பூர் மனநோய் மருத்துவமனையில் வில்லியம் ஃபிளெட்சர் என்ற டாக்டர் நோயாளிகளை இரண்டு பிரிவாக்கி ஒரு பக்கம் வெள்ளை அரிசியும் மறுபக்கம் புழுங்கலரிசியும் கொடுத்துப் பார்த்தார். வெள்ளை அரிசிப் பக்கம்தான் நோய் விழுந்தது. நெல்லை அவித்துக் காயவைக்கும்போது தவிட்டில் உள்ள சத்து அரிசிக்குள் இறங்கிவிடுகிறது என்பதும், அது வைட்டமின் பி1 என்பதும் பிறகு தெரிந்தது. நம் பாட்டிமார் பழக்கத்தில் இருந்த ஒரு விடையைக் கவனித்துப் பார்க்க ஒருவர் தேவைப்பட்டார், அவ்வளவுதான். அதே ஃபிளெட்சர் 1920-களில் கோலாலம்பூர் மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தில் இருந்து மலாயாவின் எலிச்சிறுநீர்க் காய்ச்சலைப் பற்றியும் எழுதினார். அந்தக் கழகம் 1900-லேயே தொடங்கியது, இன்றும் இருக்கிறது.

சிறுநீரகத்துக்கு வந்தால், நாட்டின் முதல் மாற்றுச் சிறுநீரக அறுவை 1975-ல் கோலாலம்பூர் பெரிய ஆஸ்பத்திரியில் நடந்தது. டயாலிசிஸிலும் மாற்று அறுவையிலும் இருப்பவர்களின் தேசியப் பதிவேடு பல ஆண்டுகளாக நடக்கிறது, எங்களைப் போன்றவர்களுக்கு அது தங்கச் சுரங்கம். மேற்கு மலேசியாவில் எடுத்து 2013-ல் வெளிவந்த ஓர் ஆய்வில் பெரியவர்களில் 9 விழுக்காட்டினருக்கு நாள்பட்ட சிறுநீரக நோய் இருந்தது. அவர்களில் 4 விழுக்காட்டினருக்குத்தான் தனக்கு நோய் இருப்பதே தெரியும். இந்த இரண்டாவது எண்ணைப் படித்த அன்று எனக்குத் தூக்கம் வரவில்லை.

எத்தனை வருஷம் படிக்கணும்? நேராச் சொல்லுங்க.

படிவம் 5 முடிவில் எழுதும் எஸ்.பி.எம். தேர்வு முடித்து, பல்கலைக்கழகத்துக்கு முந்தைய படிப்பு மெட்ரிகுலேஷன் என்றால் ஒரு வருஷம், எஸ்.டி.பி.எம். என்றால் ஒன்றரை. மருத்துவப் பட்டம் 5 வருஷம். பட்டம் வாங்கிய புது டாக்டருக்கான ஹவுஸ்மேன் பயிற்சி 2 வருஷம், அதில் நாலு மாதத்துக்கு ஒரு துறை மாறும். பிறகு மருத்துவ அதிகாரியாக அரசுச் சேவை. அதோடு பொது மருத்துவத்தில் நிபுணர் ஆக உள்ளூர் முதுகலை நாலு வருஷம், அல்லது எம்.ஆர்.சி.பி. என்ற பிரிட்டிஷ் தேர்வு வழி. அதற்கு மேல் சிறுநீரகத் துறைப் பயிற்சி 3 வருஷம். ஆய்வுக்கு முனைவர் பட்டம் இன்னும் மூன்று நாலு வருஷம்.

கூட்டினால் தலை சுற்றும், முப்பத்தைந்து தாண்டிவிடும். ஆனால் இதில் முதல் ஆறேழு வருஷத்துக்குப் பிறகு சம்பளம் வாங்கிக்கொண்டேதான் படிக்கிறோம் என்பதை அம்மாமார்கள் மறந்துவிடுகிறார்கள். ஒரே மூச்சில் ஓட வேண்டியதும் இல்லை. நிபுணர் ஆனபின் முனைவர் பட்டத்துக்குப் போனவர்கள் உண்டு, நான் அந்த வகை.

எஸ்.பி.எம்.ல எத்தனை ஏ வேணும்? தமிழ்ப்பள்ளில படிச்ச பிள்ளையால முடியுமா?

மலேசிய மருத்துவ மன்றம் கேட்கும் குறைந்தபட்சத் தகுதி உயிரியல், வேதியியல், இயற்பியல், கணிதம் உட்பட ஐந்து பாடத்தில் பி. அது வாசற்படிதான். அரசுப் பல்கலைக்கழக இடத்துக்குப் போட்டி அதைவிடப் பல மடங்கு உயரம், ஏ வரிசையோடு நிற்கிறார்கள். ஆகவே படிவம் 4-ல் அறிவியல் பாடங்களைக் கைவிடாதீர்கள், அங்கே கதவு மூடினால் திறப்பது கஷ்டம்.

நான் ஆறாம் ஆண்டு வரை தமிழ்ப்பள்ளி. முடிந்தது. எனக்கு நிஜமாகவே கஷ்டமாக இருந்தது ஆங்கில வாசிப்பு: பல்கலைக்கழகத்தில் முதல் வருஷம் ஒரு பக்கம் படிக்க ஒரு மணி நேரம் ஆகும், தெரியாத சொல்லுக்கெல்லாம் நோட்டில் தமிழில் பொருள் எழுதி வைத்திருந்தேன். அந்த நோட்டுதான் இன்று நோயாளிகளிடம் தமிழில் விளக்கும்போது கைகொடுக்கிறது.

பொம்பளப் பிள்ளைக்கு இவ்வளவு வருஷமா? கல்யாணம் எப்போ பண்றது?

இதைக் கேட்பவர்கள் அக்கறையில் கேட்கிறார்கள், அதனால் பொறுமையாகவே சொல்கிறேன். நிபுணர் பயிற்சி நடுவில் எனக்குக் கல்யாணம் ஆனது, முனைவர் பட்ட இரண்டாம் வருஷத்தில் மகள் பிறந்தாள். மூன்று மாதம் என் சோதனைகளைத் தோழி ஒருத்தி பார்த்துக்கொண்டாள், என் அம்மா தோட்டத்து வீட்டை விட்டு வந்து கூட இருந்தார். எளிதாக இருந்தது என்று சொல்ல மாட்டேன். ஆனால் பெண் என்பதால் வயது போய்விடும் என்று பயந்து படிப்பை நிறுத்தினால் அந்த வருஷங்கள் எப்படியும் போகத்தான் போகின்றன. மாப்பிள்ளை வீட்டாரிடம் முதலிலேயே பேசிவிடுங்கள், நாங்கள் பேசினோம்.

பிரைவேட் ஆஸ்பத்திரிக்குப் போனா இன்னும் சம்பாதிக்கலாமே?

ஆமாம், நிச்சயமாக. பல்கலைக்கழகத்திலோ அரசு ஆஸ்பத்திரியிலோ ஆய்வு செய்பவருக்கு அந்த அளவு வராது. ஆய்வுக்கு வேறு தனியாகப் பணம் தேட வேண்டும். விண்ணப்பம் எழுதுவோம், பெரும்பாலும் கிடைக்காது, திரும்ப எழுதுவோம். குடும்பக் கடன் அதிகம் இருக்கும் பிள்ளையிடம் இதை மறைக்காமல் சொல்லிவிடுவேன். குடும்பத்தை முதலில் நிமிர்த்திவிட்டுப் பிறகு ஆய்வுக்கு வந்தாலும் தவறில்லை.

எலியை அறுத்துச் சோதனை பண்றீங்களாமே, பாவம் இல்லையா?

எனக்கும் முதல் நாள் கை நடுங்கியது. எலியை மயக்கத்தில் வைத்து, சிறுநீரகத்துக்குப் போகும் ரத்தக்குழாயைச் சில நிமிடம் கிளிப் போட்டு நிறுத்தி, பிறகு விடுவோம். ரத்த அழுத்தம் விழுந்த நோயாளியின் சிறுநீரகத்தில் நடப்பதைப் போன்ற பாதிப்பு உண்டாகும். விலங்கு நெறிமுறைக் குழு அனுமதி இல்லாமல் ஒரு எலியைத் தொட முடியாது. எத்தனை எலி, ஏன் அத்தனை, வலிக்கு என்ன மருந்து, எலி இல்லாமல் செய்ய முடியாதா என்று எல்லாம் கேட்பார்கள்.

எலியில் பலித்தது மனிதனில் பலிக்கும் என்றும் இல்லை. திடீர்ப் பாதிப்புக்கு எலியில் அருமையாக வேலை செய்த மருந்துகள் பல, 1990-களில் மனிதர்களிடம் தோற்றன. இன்னும் ஒரு பாடம் உண்டு. சிறுநீரகத்தைக் காப்பாற்றும் என்று நம்பி உலகமெங்கும் தீவிர சிகிச்சைப் பிரிவுகளில் பல பத்தாண்டுகள் குறைந்த அளவில் டோபமின் என்ற மருந்தை ஏற்றினார்கள். 2000-ல் ஆஸ்திரேலியா, நியூசிலாந்து மருத்துவர்கள் 328 நோயாளிகளில் பாதிப் பேருக்கு டோபமினும் பாதிப் பேருக்கு மருந்து கலக்காத வெறும் திரவமும் கொடுத்து ஒப்பிட்டார்கள். ஒரு பலனும் இல்லை. நல்லெண்ணத்தோடு தவறு செய்துகொண்டிருக்கிறோமா என்று பார்ப்பதும் எங்கள் வேலைதான்.

அப்பாவை ஆய்வுல சேரச் சொல்றாங்க. சோதனை எலி ஆக்கிடுவாங்களா?

மேலே பெரிபெரி கதையில் இரண்டு பிரிவாகப் பிரித்தார்களே, அந்த நோயாளிகளிடம் இன்றைக்குப் போல சம்மதம் கேட்கும் வழக்கம் அப்போது இல்லை. இன்று அப்படிச் செய்ய முடியாது. சுகாதார அமைச்சின் ஆஸ்பத்திரிகளில் நடக்கும் ஆய்வை மருத்துவ ஆராய்ச்சி நெறிமுறைக் குழு படித்துப் பார்த்து அனுமதிக்க வேண்டும், பல்கலைக்கழகங்களுக்கும் அவரவர் குழு உண்டு. அப்பாவிடம் எழுத்தில் விளக்கம் தர வேண்டும், கையெழுத்து வாங்க வேண்டும். எந்த நாளிலும் காரணம் சொல்லாமல் விலகலாம், வழக்கமான சிகிச்சை குறையக்கூடாது.

கேளுங்கள்: எனக்குப் புதிய மருந்தா, மருந்தில்லாத வெறும் மாத்திரையா, அதை யார் தீர்மானிப்பது? பக்கவிளைவு வந்தால் இரவில் யாருக்குப் போன் செய்வது? என் ரத்த மாதிரி எங்கே போகும்? விளக்கத்தாள் தமிழில் கேளுங்கள். கேட்டால் கோபப்படுபவரிடம் கையெழுத்துப் போட வேண்டாம். நான் கேள்வி கேட்கும் நோயாளிகளைத்தான் அதிகம் நம்புகிறேன், அவர்கள்தான் கடைசி வரை வருகிறார்கள்.

இவ்வளவு ஆராய்ச்சி பண்ணி கிட்னிக்கு மருந்து கண்டுபிடிச்சீங்களா இல்லையா?

திடீர்ப் பாதிப்பைக் குணமாக்கும் மருந்து இன்னும் இல்லை. காரணத்தை நீக்கி, உடம்பைத் தாங்கிப் பிடித்துக் காத்திருக்கிறோம்.

நாள்பட்ட நோயில் நிலைமை வேறு. நீரிழிவால் சிறுநீரகம் கெடுவதை லோசார்டன் என்ற ரத்த அழுத்த மாத்திரை மெதுவாக்கும் என்று 2001-ல் பெரிய ஆய்வு காட்டியது. அடுத்து வந்தது சர்க்கரையைச் சிறுநீரில் வெளியேற்றும் மாத்திரைகள். இவற்றின் மூதாதை 1835-ல் ஆப்பிள் மர வேர்ப்பட்டையில் கிடைத்த ஃபுளோரிசின் என்ற பொருள். நீரிழிவுக்கென்று செய்த இந்த மாத்திரைகள் சிறுநீரகத்தையும் காப்பாற்றுவதை 2019, 2020-ல் வந்த ஆய்வுகள் காட்டின, சர்க்கரை நோய் இல்லாதவருக்கும் கூட. இந்த மாத்திரைகளில் ஒன்றைச் சோதித்து 2022-ல் முடிவு வந்த எம்பா-கிட்னி ஆய்வில் எட்டு நாடுகளில் 6,609 பேர் சேர்ந்தார்கள், அந்த எட்டில் மலேசியாவும் ஒன்று. நம் ஆஸ்பத்திரி வராந்தாக்களில் காத்திருந்தவர்களின் ரத்தமும் பொறுமையும் அந்த எண்ணில் இருக்கிறது. இதைச் சொல்லும்போதெல்லாம் எனக்குப் பெருமை. உங்களுக்கு அந்த மாத்திரை பொருந்துமா என்று உங்கள் டாக்டர்தான் பார்த்துச் சொல்ல வேண்டும், பக்கத்து வீட்டார் மாத்திரையை வாங்கிப் போடாதீர்கள்.

தோட்டத்துல மருந்தடிச்சதாலதான் எங்கம்மாவுக்கு கிட்னி போச்சா?

எனக்கு மிகக் கடினமான கேள்வி இது, என் அம்மாவும் மருந்தடித்தவர் என்பதால். தெரிந்ததை முதலில் சொல்கிறேன். பாராகுவாட் என்ற களைக்கொல்லியை விழுங்கினால் நுரையீரலும் சிறுநீரகமும் போகும், அதில் சந்தேகமில்லை. மலேசியா 2020-ல் அதைத் தடை செய்தது. ஆனால் வருஷக்கணக்கில் முதுகில் தொட்டியைச் சுமந்து தெளித்தவர்களுக்கு மெதுவாகச் சிறுநீரகம் கெடுகிறதா என்பது வேறு கேள்வி.

இலங்கையின் வடமத்திய மாகாணத்திலும் மத்திய அமெரிக்காவின் கரும்புக் காடுகளிலும், சர்க்கரையும் ரத்த அழுத்தமும் இல்லாத விவசாயத் தொழிலாளிகளின் சிறுநீரகம் கெட்டுப்போகிறது. வெயிலில் கடும் உழைப்பும் நீரிழப்புமா, குடிநீரா, பூச்சிமருந்தா என்று ஆய்வாளர்களிடையே இன்னும் வாதம் நடக்கிறது. மலேசியாவில் டயாலிசிஸுக்குப் புதிதாக வருபவர்களில் பாதிக்கு மேல் நீரிழிவுக்காரர்கள். ஆகவே ஓர் அம்மாவிடம் மருந்துதான் காரணம் என்று நான் சொன்னால் அது பொய், மருந்து காரணமே இல்லை என்று சொன்னாலும் பொய். அவருடைய சர்க்கரைக் கணக்கையும் பழைய ரத்த ரிப்போர்ட்டையும் கொண்டு வாருங்கள், சேர்ந்து பார்க்கலாம். தோட்டத்துத் தொழிலாளிகளிடம் இந்தக் கேள்வியைச் சரியாகக் கேட்டு ஆராய, அவர்கள் மொழி பேசும் ஆட்கள் வேண்டும். பிள்ளைகளை இந்த வேலைக்கு நான் அழைக்கும்போது என் மனசில் முதலில் இருப்பது இதுதான்.

ஜெரிங், பெலிம்பிங் எல்லாம் கிட்னிக்கு நல்லதுன்னு சொல்றாங்களே?

ஜெரிங் கொட்டையில் ஜெங்கோலிக் அமிலம் இருக்கிறது. சிலருக்கு அது சிறுநீர்ப் பாதையில் ஊசி ஊசியாகப் படிகமாகி, இடுப்பு வலியோடு ரத்தம் போகும், சிறுநீரே நிற்கும். மேலே சொன்ன திடீர்ப் பாதிப்புக்கு இதுவும் ஒரு காரணம். ஐந்து முனை பெலிம்பிங் பழம், அதாவது நட்சத்திரப் பழம், சிறுநீரக நோயாளிக்கு விஷம் என்றே சொல்வேன்: விடாத விக்கல், குழப்பம், வலிப்பு, சாவு வரை போனதுண்டு. நல்ல சிறுநீரகம் வெளியேற்றிவிடும் நஞ்சு நோயாளியின் உடம்பில் தங்கிவிடுகிறது. நாட்டு மருந்து எல்லாம் கெட்டது என்று நான் சொல்லவில்லை, ஆனால் 1990-களில் பெல்ஜியத்தில் மெலிவதற்காகச் சாப்பிட்ட மூலிகை மாத்திரையில் ஆடுதின்னாப்பாளை இனச் செடி கலந்து, பல பெண்களின் சிறுநீரகம் போனது. என்ன சாப்பிட்டாலும் பொட்டலத்தோடு கொண்டுவந்து காட்டுங்கள், நான் திட்ட மாட்டேன்.

நம்ம ரத்தத்துலயே இருக்கா இந்த வியாதி? சென்டர்ல பாதிப் பேர் நம்ம ஆளுங்கதான்.

2019-ல் எடுத்த தேசியச் சுகாதார ஆய்வில் மலேசியாவின் பெரியவர்களில் 18.3 விழுக்காட்டினருக்கு நீரிழிவு, இனவாரியாகப் பார்த்தால் இந்தியர்களிடம்தான் மிக அதிகம். பரம்பரைக்குப் பங்கு உண்டு, ஆனால் பரம்பரை ஒரு தலைமுறையில் மாறாது. மாறியது நம் வேலையும் சாப்பாடும்: தாத்தா நாளெல்லாம் மலைக்காட்டில் நடந்தார், பேரன் அதே அளவு சோற்றையும் இனிப்பு தே தாரிக்கையும் சாப்பிட்டுவிட்டு லாரி ஓட்டுகிறான்.

சென்னை சிறுநீரக மருத்துவர் எம். கே. மணி செய்ததைப் பாருங்கள். நகருக்கு வெளியே கிராமங்களில் உள்ளூர்ப் பெண்களுக்கே பயிற்சி கொடுத்து, வீடு வீடாகப் போய் ரத்த அழுத்தமும் சிறுநீரில் சர்க்கரையும் புரதமும் பார்க்க வைத்தார், பிறகு விலை குறைந்த பழைய மருந்துகளாலேயே கட்டுப்படுத்தினார். முடிவுகளை மருத்துவ இதழ்களில் எழுதினார். ஆராய்ச்சி என்றால் கோடி ரூபாய் மெஷின்தான் என்று நினைக்கும் பிள்ளைகளுக்கு நான் முதலில் சொல்வது இவரைப் பற்றித்தான்.

இத்தனை வருஷம் உழைச்சு ஒன்னும் கிடைக்கலன்னா?

நடக்கும். முனைவர் பட்டத்தின் மூன்றாம் வருஷம், நான் வேலை செய்த ஓர் இடத்தில் நீண்ட விடுமுறையில் மைனஸ் 80 குளிர்பெட்டி நின்றுபோனது, எச்சரிக்கை மணி யாருக்கும் கேட்கவில்லை. இரண்டு வருஷமாகச் சேர்த்த நோயாளிகளின் சிறுநீர் மாதிரிகள் உருகிக் கிடந்தன. நான் அழுதது மாதிரிகளுக்காக இல்லை, அவற்றைக் கொடுத்தவர்களில் சிலர் அதற்குள் இறந்திருந்தார்கள். பிறகு திரும்பத் தொடங்கினேன், இந்த முறை ஒவ்வொரு மாதிரியையும் இரண்டாகப் பிரித்து இரண்டு கட்டடத்தில் வைத்தேன். பட்டம் ஒன்றரை வருஷம் தள்ளிப்போனது. இன்றும் என் மாணவர்கள் யார் வந்தாலும் முதல் நாள் நான் கற்றுக்கொடுப்பது மாதிரியைப் பிரித்து வைப்பதைத்தான்.

என் மகன் படிவம் 3. இப்பவே என்ன செய்யலாம் டாக்டர்?

அடுத்த வருஷம் அறிவியல் பாடங்களை எடுக்கட்டும். கணிதத்தை, அதிலும் புள்ளியியலை, விடாமல் படிக்கட்டும், நான் தினமும் பயன்படுத்துவது அதைத்தான். ஆங்கிலத்தில் நாளுக்கு ஒரு பக்கம் படித்து, புரிந்ததைத் தமிழில் நாலு வரி எழுதட்டும்.

அப்புறம் பாட்டியைக் கிளினிக்குக்கு அவனையே கூட்டிப்போகச் சொல்லுங்கள். பாட்டியின் பச்சைப் புத்தகத்தில் பழைய கிரியேட்டினின் எண்கள் எல்லாம் இருக்கும். தேதியைக் கீழேயும் எண்ணைப் பக்கத்திலும் வைத்து ஒரு கிராஃப் தாளில் புள்ளி வைத்து இணைக்கட்டும். கோடு மேலே ஏறுகிறதா, எந்த மாதம் ஏறியது, அந்த மாதம் பாட்டி என்ன மாத்திரை சாப்பிட்டார், காய்ச்சல் வந்ததா என்று பாட்டியிடமே கேட்டுப் பக்கத்தில் எழுதட்டும். தைப்பூசத்துக்கு ஊருக்கு வருவேன், அந்தத் தாளை எடுத்துக்கொண்டு வரச் சொல்லுங்கள், உட்கார்ந்து பார்க்கிறேன்.